பந்தி மேஜையில் வாழைக்கட்டைப் பூத்தொட்டி: 24 மேஜைக்குச் செய்த வேலை

ஈரோடு மாவட்டம் கோபி பக்கத்து மண்டபம் ஒன்றில் காலை முகூர்த்தம். பந்திக் கூடத்தில் 8 மேஜை கொண்ட வரிசைகள் 3, மொத்தம் 24 மேஜை. மேஜைக்கு 3 பேர் வீதம் ஒரு பந்திக்கு 72 பேர். ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து சாப்பிடும் அமைப்பு. எதிர்ப்பக்கம் பரிமாறுகிறவர்கள் நடக்கும் வழி. மேஜை 6 அடி நீளம், 2 அடி அகலம், 30 இன்ச் உயரம், மேலே தகடு. பிளாஸ்டிக் பூவும் தெர்மாகோலும் இல்லாமல் பந்தி மேஜையை அலங்கரிக்க வேண்டும் என்பதுதான் வீட்டுக்காரர்கள் கேட்டது.

பூ வாங்கும் முன் டேப்பை எடுத்து மேஜையை அளக்க வேண்டும். சாப்பிடுகிறவர் பக்க விளிம்பில் 1 இன்ச் விட்டுத் தலைவாழை இலையைப் போட்டால் இலையின் அகலம் 13, 14 இன்ச் வரை போகும். அதற்கு மேல் தண்ணீர் பாட்டிலோ டம்ளரோ வைக்க 3 இன்ச். ஆக 18 இன்ச் போய்விட்டது. 24 இன்ச் மேஜையில் மிஞ்சுவது 6 இன்ச் பட்டை. பரிமாறுகிறவர் பக்கத்து விளிம்பை ஒட்டிய பட்டை அது. அலங்காரம் அதற்குள் அடங்க வேண்டும். இலைக்கு இடம் குறைந்தால் ஓரத்தில் வைத்த ஊறுகாயும் உப்பும் மடங்கிய இலையோடு மடிக்குள் வரும். அப்புறம் பூ எவ்வளவு அழகாக இருந்தும் புண்ணியமில்லை. சில மண்டபங்களில் மேஜை ஒன்றரை அடி அகலம்தான் இருக்கும். அங்கே மேஜைமேல் எதையும் வைக்கக் கூடாது. வரிசையின் முனையில் தோரணம் கட்டுவதோடு நிறுத்திக்கொள்வதே சரி.

உயரம் 5 இன்ச்சுக்குள். பரிமாறுகிறவர் வாளியை மேஜை விளிம்புக்கு மேலே பிடித்துக்கொண்டு கரண்டியை இலைவரை நீட்டுகிறார். பூ உயரமாக இருந்தால் கரண்டி மேலே ஏறி இறங்க வேண்டியிருக்கும், சாம்பார் சிந்தும். பாட்டிலைவிட உயரமான எதையும் அந்தப் பட்டையில் நிறுத்தக் கூடாது.

பூ செருக என்ன வைப்பது என்பது அடுத்த கேள்வி. கடையில் விற்கும் பச்சை நிறப் பூ ஸ்பான்ஞ்ச் தொட்டாலே பொடியாக உதிரும், மக்காது. சோற்றுக்குப் பக்கத்தில் அந்தப் பொடிக்கு இடமே தரக் கூடாது. கோபி, சத்தி, அந்தியூர் பக்கம் தார் வெட்டின வாழை மரம் தோட்டத்தில் சும்மா கிடக்கிறது. கட்டைக்குள்ளேயே ஈரம் இருப்பதால் குத்திய பூ நாள் முழுக்க வாடாது. ஊற்றித் தளும்பத் தண்ணீரும் தேவையில்லை.

தார் வெட்டி ஓரிரு நாளுக்குள் உள்ள மரமாகப் பார்த்து 5 மரம் எடுத்தோம். மேஜைக்கு 2 தொட்டி வீதம் 48 தொட்டி வேண்டும்; அந்தக் கணக்குக்கு 4 போதும். ஒன்று உள்ளே அழுகியிருக்கும் என்று எண்ணிக் கூட ஒன்று. அடியில் ஒரு முழம் தள்ளி, மேலே மெலிந்து போகும் பகுதியைக் கழித்தால் மரத்துக்கு 5 அடி நல்ல கட்டை தேறும். வெளிப்பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்துக் கட்டை 4 இன்ச் பருமனுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். உரித்த பட்டையை எறிய வேண்டாம்; கூடையில் பூவை மூடி வைக்க அதைவிட நல்ல பொருள் இல்லை. பிறகு 9 இன்ச் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் நெடுக்காக இரண்டாகப் பிளக்க வேண்டும். ஒரு மரத்துக்கு 6 துண்டு, பிளந்தால் 12 தொட்டி. பிளந்த தட்டை முகம் கீழே, வளைந்த முகம் மேலே. அகலம் 4 இன்ச், உயரம் 2 இன்ச். துண்டு போட ரம்பம், பிளக்கக் கனமான கத்தி. அரிவாளால் ஒரே போடாகப் போட்டால் பிளப்பு கோணலாகி, தொட்டி மேஜையில் ஆடும்.

இதில் இரண்டு தொல்லை. முதலாவது, வாழைக்கட்டை ஒரே திண்டு கிடையாது, பட்டைக்குள் பட்டை. முழுசாக இருக்கும்வரை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், பிளந்தவுடன் அடுக்கு அடுக்காக விலகும். இரண்டாவது, கறை. அறுத்த முகத்திலிருந்து தண்ணீர்போல வடிவது துணியில் பட்டுக் காய்ந்தால் பழுப்பாகி, பிறகு எந்தச் சோப்புக்கும் போகாது. பட்டுச் சேலைக்காரர்கள் வந்து உட்காரும் இடத்தில் இது விளையாட்டில்லை.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து தேங்காய் நார்க் கயிறு. ஒவ்வொரு தொட்டிக்கும் இரு முனையிலிருந்து 2 இன்ச் உள்ளே தள்ளி, இரண்டு சுற்று இறுக்கிக் கட்டினால் பட்டை விலகாது. அந்தக் கயிறே தொட்டிக்குக் காலாகவும் ஆகும்: தட்டை முகம் தகட்டில் படாமல் சற்றுத் தூக்கி நிற்கும், சொரசொரப்பால் வழுக்காது, மிச்சக் கறை வடிந்தாலும் கயிறு உறிஞ்சும். ஒரு கட்டுக்கு இரண்டு சுற்றும் முடிச்சும் சேர்த்து 26 இன்ச் கயிறு; தொட்டிக்கு 52 இன்ச்; 48 தொட்டிக்கு ஏறக்குறைய 210 அடி. பொள்ளாச்சிப் பக்கத்து மெல்லிய நார்க் கயிறு போதும். முடிச்சு அடியில் வந்தால் தொட்டி ஆடும், மேலே வந்தால் பூவுக்கு இடைஞ்சல். பக்கவாட்டில், பரிமாறுகிறவர் பார்க்கும் பக்கம் விட வேண்டும்.

கட்டிய தொட்டிகளை உடனே உள்ளே கொண்டுபோகக் கூடாது. முதல் நாள் மதியம் 3 மணிக்கு அறுத்து, சரிவான சிமெண்டுத் தரையில் செங்குத்தாக நிறுத்தி 4 மணி நேரம் வடிய விட்டோம். இரவு ஈரத்துணியால் துடைத்து, அறுத்த முனை இரண்டையும் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தோம். வாழைப்பூவையும் தண்டையும் அரிந்து மோரில் போடுகிறோமே, அதே காரணம்தான். புளிப்பு இருந்தால் கறுப்பது குறையும். மோரிலும் முக்கலாம், ஆனால் மறுநாள் வெயிலுக்கு வாடை வரும். வடிய விடாமல் கட்டிய முதல் இரண்டு தொட்டிகள் வைத்த தகட்டில் ஒரு மணி நேரத்தில் பழுப்பு வளையம் விழுந்தது.

பூ விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். தோரணத்துக்கு அரளியைத் தயங்காமல் வாங்குகிறோம். விலை மலிவு, நிறம் கண்ணைப் பறிக்கும். ஆனால் அரளி விஷச் செடி. இலை, பூ, பால் எல்லாமே. நிலைவாசலுக்கும் தூணுக்கும் கட்டலாம், சாப்பாட்டு மேஜைக்கு அது ஆகவே ஆகாது. உதிர்ந்த ஒரு இதழ் பொரியலோடு கலந்தால் யாருக்குத் தெரியும்? சாயம் தோய்த்த பூவும் அப்படியே: நீலமும் பச்சையுமாக வருகிற அந்தப் பூவில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சாயம் இலைக்கு ஓடும்.

சம்பங்கியும் மல்லியும் வேறு காரணத்தால் விலக்கு. சத்தியமங்கலம் மல்லி பக்கத்தில் இருக்க, பந்தி மேஜையில் அதை வைக்காமல் விடுவதா என்று கேட்பார்கள். வைத்தால் சாம்பாரின் பெருங்காய வாசமும் நெய் வாசமும் எழும்பாது. மூக்கில் பூ வாசம் மட்டும் நிற்கும். மல்லிக்கு இடம் தலையிலும் வாசலிலும். முகூர்த்த நாளில் அது விலை ஏறும் பூ வேறு.

ஆகவே பந்திக்குச் செண்டுமல்லி, ஆரஞ்சும் மஞ்சளும் பாதிப் பாதி. வாசம் மட்டு, இரண்டு நாள் தாங்கும். இன்னொன்று, சாம்பார் சொட்டு விழுந்தாலும் இந்த இரண்டு நிறத்திலும் தெரியாது. வெள்ளைச் சாமந்தியில் ஒரே பந்தியில் மஞ்சள் புள்ளி விழுந்துவிடும். வாங்கும்போது பூவைக் கவிழ்த்துக் காம்புக் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும்: பச்சையாக, விரலுக்குக் கெட்டியாக இருந்தால் புதுசு. கிண்ணம் பழுத்து நெகிழ்ந்திருந்தால் மின்விசிறிக் காற்றுக்கே இதழ் கொட்டும்.

அளவு: 2 இன்ச் பூவாக இருந்தால் ஒரு தொட்டிக்கு 9 பூ, இரண்டு வரிசையாக 5ம் 4ம் மாற்றி மாற்றி. 48 தொட்டிக்கு 432 பூ. ஒரு பூ சராசரி 6 கிராம் என்று வைத்தால் 2.6 கிலோ, கழிவுக்கும் சேர்த்து மூன்றரை கிலோ. முனைத் தோரணத்துக்குத் தனியாக ஒன்றரை கிலோ. சரமாகக் கோத்தால் கிலோவுக்குச் சுமார் 14 அடி வரும். பூ வந்ததும் பாலிதீன் பையிலிருந்து எடுத்துவிட வேண்டும். பைக்குள் இரவு முழுக்க இருந்தால் நடுவில் சூடேறி வெந்துபோகும். மூங்கில் கூடையில் வாழைப்பட்டை விரித்து, பூவைத் தளரக் கொட்டி, மேலே ஈரச் சாக்கு. பூவின் மேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது. கூடையில் போடுமுன் ஒரு வெள்ளைத் துணிமேல் பூவை உதறினால் எறும்பும் சிறு வண்டும் விழும். இந்த வேலையை விட்டால் அவை இலையில் வந்து ஊரும்.

பூவைக் குத்த ஈர்க்குச்சி. புதுப் பச்சை ஓலை ஒன்றைக் கிழித்தால் வேண்டிய அளவு கிடைக்கும். சீமாற்றிலிருந்து உருவக் கூடாது. தடித்த பகுதியை மட்டும் 3 இன்ச் துண்டாக, ஒரு முனை சாய்வாக வெட்ட வேண்டும். சாய்வு முனையைப் பூவின் கிண்ணத்துக்குள் முக்கால் இன்ச் மட்டும் ஏற்ற வேண்டும். இதழ் வழியாக வெளியே எட்டிப் பார்த்தால் கை வைக்கிற குழந்தைக்குக் குத்தும். கட்டையில் நேராகக் குத்தினால் ஈர்க்கு வளைந்து முறியும். கம்பி ஒன்றால் முதலில் ஓட்டை போட்டு, அதில் செருக வேண்டும். ஓட்டை சற்றுச் சாய்வாக, தொட்டியின் நடுவை நோக்கி இருந்தால் பூ கழன்று விழாது. இரு ஓரமும் மாவிலை 5, 5. காம்பைப் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் செருகினாலே நிற்கும். இந்த வேலை எதையும் பந்தி மேஜையில் வைத்துச் செய்யக் கூடாது. ஈர்க்குத் துணுக்கு ஒன்று மேஜையில் கிடந்து சோற்றோடு வாய்க்குள் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் போதும். அதே காரணத்தால் குண்டூசியும் ஸ்டேப்ளரும் பந்திக் கூடத்துக்குள்ளேயே வரக் கூடாது. அதிகாலை 4 மணிக்கு 4 பேர் உட்கார்ந்தால் 48 தொட்டியும் ஒன்றரை மணி நேரத்தில் முடியும்.

முதலில் போட்ட திட்டம் இப்படி இல்லை. மேஜைக்கு ஒரே தொட்டி, 18 இன்ச் நீளம், நடுவில். முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் 4 மேஜைக்கு மட்டும் வைத்துப் பார்த்தபோது அது தப்பு என்று தெரிந்துவிட்டது. மூன்று பேர் உட்காரும் மேஜையில் நடு ஆளின் இலைக்கு நேர் எதிரே தொட்டி நிற்கிறது. அவருக்குப் பரிமாறும் ஒவ்வொரு கரண்டியும் பூவைத் தாண்டித்தான் போக வேண்டும். ரசம் பூவில் சொட்டியது, பூவிதழ் இலையில் விழுந்தது. "இதைக் கொஞ்சம் அக்கட்ட தள்ளி வைங்கண்ணா" என்று பரிமாறுகிற பையன் சொன்னதில் முழு நியாயம் இருந்தது. ஆட்கள் உட்காருவது மேஜையின் இடது ஓரத்திலிருந்து 12, 36, 60 இன்ச்சில். இலைக்கும் இலைக்கும் இடையே இடைவெளி விழுவது 24லும் 48லும். தொட்டியைப் பாதியாக்கி 9 இன்ச் துண்டுகளை அந்த இரண்டு இடத்தில் வைத்ததும் கரண்டி போகும் பாதை திறந்துகொண்டது. பூவின் எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான். வரிசையாகப் பார்க்கும்போது ஒரே பெரிய தொட்டியைவிடச் சின்னச் சின்னதாக 16 இருப்பது கண்ணுக்கும் நிறைவாக இருக்கிறது.

மேஜை விரிப்புக்குக் காகித ரோல். பிளாஸ்டிக் தாள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் வருகிறது. உணவு மேஜையில் விரிக்கும் தாளைப் பெயர் சொல்லியே அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். தடை இல்லாவிட்டாலும் காகிதம்தான் மேல். சிந்திய ரசம் பிளாஸ்டிக்கில் நேராக மடிக்கு ஓடும், காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். இங்கே கவனிக்க வேண்டியது அகலம். மேஜை முழுக்க 24 இன்ச் தாளை விரித்து அதன்மேல் தொட்டியை வைத்தால், ஒவ்வொரு பந்தி முடிந்து தாளைச் சுருட்டும்போதும் 48 தொட்டியைத் தூக்கி வைக்க வேண்டும். அவசரத்தில் இழுத்தால் தொட்டியும் கூட வரும். தாளை 18 இன்ச்சுக்கு மடித்து விரித்து, தொட்டி நிற்கும் 6 இன்ச் பட்டையைத் தகடாகவே விட்டுவிட்டால் இலை எடுக்கிறவர்கள் வேலை தடைபடாது. ஒவ்வொரு பந்திக்கும் நடுவில் அந்தப் பட்டையை ஒரு ஈரத்துணியால் இழுத்துத் துடைக்க ஒரு ஆள் போதும்.

பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் திறந்த கொட்டகையில் பந்தி என்றால் காற்றை மறக்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று வைகாசியிலேயே ஆரம்பித்துவிடும். தாளைத் தொட்டியால் அமுக்கி வைக்கத் தோன்றும்; வேண்டாம், முன்னே சொன்ன சிக்கல் திரும்ப வரும். வரிசையின் இரு முனையிலும் துணி உலர்த்தும் கிளிப் போட்டுத் தாளைப் பிடிக்க வைத்தால் போதும்.

மேஜையின் முன்முகத்தில் தோரணம் தொங்கவிடுவது பற்றி. படத்தில் அழகாக இருக்கும். நம் பந்தியில் முன்முகம் என்பது பரிமாறுகிறவர் நடக்கும் பக்கம். தொங்கும் கையில் பிடித்த வாளி மேஜைத் தட்டுக்குச் சற்றுக் கீழேதான் போகும். தொங்கும் சரம் முழுக்க அதில் உரசும். பூ வாளிக்குள் விழும். 3 வரிசைக்கு 144 அடி சரம், பத்து கிலோவுக்கு மேல் பூ, இரண்டாவது பந்தியில் பாதி தரையில். அதற்குப் பதில் வரிசை முனைகளை மட்டும் அலங்கரித்தோம். கூடத்துக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது முனைதான். 3 வரிசைக்கு 6 முனை, முனைக்கு 3 அடி சரம் வளைவாக, 18 அடி. சரத்தின் இரு நுனியிலும் குருத்தோலைக் கிளி ஒன்று. குருத்தை வெட்டினால் தென்னைக்கு நல்லதில்லை. வெட்டப்போகிற மரமோ விழுந்த மரமோ கிடைத்தால் மட்டும் எடுக்க வேண்டும். பின்னியதை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் மறுநாள்வரை வெளுப்பு நிற்கும், காற்றில் விட்டால் ஓரம் பழுத்துவிடும்.

வாசலில் இருக்கும் வரவேற்பு மேஜைக்கு வேறு சட்டம். அங்கே சோறு இல்லை, ஆகவே மல்லியும் சம்பங்கியும் தாராளமாக வரலாம். விரிப்புக்குச் சாட்டின் சுருக்குத் துணி வைப்பது வழக்கம். மூன்று பக்கம் சுற்ற 10 அடி, சுருக்கம் நன்றாக விழ அதில் இரண்டு மடங்கு, 20 அடி வேண்டும். அதைவிட ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்தால் மேஜைக்கு வரும் கம்பீரமே வேறு. பட்டைகள் மேஜையின் குறுக்கே வரும்படி போட்டு, முன்பக்கம் ஒரு சாண் தொங்கவிட வேண்டும். ஜமக்காளம் கனம், காற்றுக்குத் தூக்காது, ஊசியும் தேவையில்லை. ஒன்றே ஒன்று: சந்தனக் கிண்ணத்தை அதன்மேல் நேராக வைக்காமல் தாம்பாளத்தில் வைக்க வேண்டும், கறை பட்டால் அலசுவது பெரும்பாடு. சந்தனம் மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரத்தில் பொருக்குத் தட்டும். பன்னீர் சில சொட்டு விட்டுக் குழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கற்கண்டுத் தட்டை ஒரு அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வைத்தால் எறும்பு ஏறாது. தை மாதத் திருமணமானால் இலையும் கிழங்குமாக மஞ்சள் கொத்து இரண்டை மேஜையின் இரு பக்கமும் கட்டலாம். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் வாசலில் அதைவிடப் பொருத்தமான அலங்காரம் என்ன இருக்கிறது?

சீர்த் தட்டில் பழத்தைக் கோபுரமாக அடுக்குகிறவர்கள் தட்டின் அடியில் வைக்கோலைப் பிரியாக முறுக்கிச் சும்மாடு வைத்தால் மாதுளை உருளாது. செல்லோ டேப் ஒட்டிய பழம் தோல் கிழிந்துதான் வரும்.

காது குத்து, தெரட்டி (பெண் பூப்பெய்தியதற்கான சீர்) போன்ற வீட்டு விசேஷங்களுக்கு இதே வாழைக்கட்டையை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். 1 இன்ச் கனத்துக்கு வட்டமாக அரிந்த துண்டு தண்ணீரில் நன்றாக மிதக்கும். அதன் நடுவில் ஒரு செண்டுமல்லி, சுற்றி மாவிலை நுனி 4 செருகி, 12 இன்ச் பித்தளை உருளியில் 3 துண்டு மிதக்கவிட்டால் சாப்பாட்டு மேஜையின் நடுவுக்கு அதுவே போதும். உதிர்த்த ரோஜா இதழைத் தூவினால் மின்விசிறிக் காற்று எல்லாவற்றையும் ஒரே ஓரத்துக்கு ஒதுக்கிவிடும், சில மணி நேரத்தில் இதழ் ஊறி அடியில் போகும். துண்டுகள் அப்படி மூழ்காது. தண்ணீர் விளிம்புக்கு 1 இன்ச் கீழேயே இருக்கட்டும்; குழந்தைகள் மேஜையை இடித்தே தீருவார்கள்.

மதியம் மூன்றரைக்குக் கடைசிப் பந்தி முடியும்போது 48 தொட்டியில் 5 மட்டும் கழிந்திருந்தன: மூன்றில் குழந்தைகள் பூவைப் பிடுங்கியிருந்தார்கள், இரண்டு கயிறு நெகிழ்ந்து பட்டை விரிந்தவை. ஈரக் கட்டை வற்றும்போது சற்றுச் சுருங்கும். அதனால் காலையில் மேஜைக்குக் கொண்டுபோகும் முன் ஒவ்வொரு முடிச்சையும் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

கட்டையை மாட்டுக்குப் போடலாம், விரும்பித் தின்னும். போடும் முன் ஈர்க்குச்சி ஒன்று விடாமல் உருவியாக வேண்டும். தொட்டிக்கு 9 என்று எண்ணி எடுத்தால் தப்பாது. ஒடிந்து உள்ளே நின்றுவிட்ட ஈர்க்கு இருந்தால் அந்தக் கட்டை குப்பைக் குழிக்குத்தான் போக வேண்டும், மாட்டின் தொண்டையில் குத்தும். நார்க் கயிற்றை அலசிக் காயவைத்து, 26 இன்ச் துண்டுகளாகவே கட்டி வைத்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு ஆகும்.